கொடுப்புப்பல்லுக்கு எந்தக் கிரவுண்? யாழ்ப்பாணத்தில் இருந்து முடிவெடுப்பவர்களுக்கு

வேர்ச் சிகிச்சை முடிந்ததும் வைத்தியர் "இனி இதுக்குக் கிரவுண் போட வேணும்" என்பார், அதாவது ராவிய பல்லை முழுதாக மூடும் உறை. உலோகத்தின் மேல் போர்சலின் (பீங்கான்) வைத்ததா, சிர்கோனியாவா, ஈ-மாக்ஸா என்று கேட்டு, மூன்றுக்கும் மூன்று விலை சொல்லி, யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்து லண்டனில் இருக்கும் மச்சானுக்குப் போன் எடுத்தால் அவர் பங்குக்கு, "இஞ்சை எல்லாம் ஒரே நாளிலை மெஷினிலை வெட்டிப் போடுறாங்கள், நீ இன்னும் அச்சு எடுத்துக்கொண்டு நிக்கிறியோ" என்று இன்னும் குழப்புவார். நான் கிரவுண்களைத் திரையில் வடிவமைத்து மெஷினுக்கு அனுப்பும் வேலையில் இருப்பவன், வைத்தியர் இல்லை. ஆனால் எது உடைந்து திரும்பி வருகிறது, எது கழன்று வருகிறது, எதைப் போட்டவர் மறந்தே போகிறார் என்பதெல்லாம் எங்கள் மேசைக்குத்தான் கடைசியில் வந்து சேரும். அதனால் நேராகவே சொல்கிறேன். மெஷினின் பெயரையோ பொருளின் பெயரையோ பார்த்து முடிவெடுக்காதீர்கள். எந்தப் பல், அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, போட்ட பிறகு கடி உயரமாக இருந்தால் (வாயை மூடும்போது கிரவுண் மட்டும் முதலில் முட்டினால்) அடுத்த கிழமை யாரிடம் போய் வாயைத் திறப்பீர்கள், இவற்றை வைத்து முடிவெடுங்கள்.

முதலில் ஒன்று. கிரவுண் தேவைதானா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். வேர்ச் சிகிச்சை செய்த கொடுப்புப்பல்லுக்குப் பெரும்பாலும் தேவை, ஏனென்றால் உள்ளே குடைந்த பல் கடிக்கும் விசையில் நெடுக்காகப் பிளந்துவிடும், பிளந்தால் பிடுங்குவதுதான் வழி. முன்பல்லில் கதை வேறு. வேர்ச் சிகிச்சை செய்திருந்தாலும் சுற்றிவர நல்ல பல் இருந்தால் ஒரு நிரப்புதலோடு விட்டுவிடலாம் என்று பல வைத்தியர்களே சொல்வார்கள். கடைவாயில் கூட, ஒரு பக்கச் சுவர் மட்டும் போயிருந்தால் பல்லின் மேற்பகுதியை மட்டும் மூடும் ஓர் ஒன்லே போதுமாக இருக்கலாம். ராவிய பல் திரும்ப முளைக்காது என்பதால் இந்தக் கேள்விக்குத்தான் முதலிடம்.

சரி, கிரவுண்தான் என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

உலோகத்தின் மேல் போர்சலின், அதாவது பிஎஃப்எம், 1960களில் இருந்து உலகம் முழுவதும் போடப்பட்டு வருகிறது. நம் ஊரில் பலரின் வாயில் இருப்பதும் அதுதான். விலை குறைவு, உள்ளே உலோகம் இருப்பதால், இல்லாத பல்லின் இடத்தைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து நிரப்பும் நீளமான பாலங்களுக்கும் தாங்கும். அதன் பலவீனம் மேலே பூசிய போர்சலினில் இருக்கிறது. அந்தப் பூச்சின் வளைவு வலிமை, அதாவது வளைத்தால் உடையாமல் தாங்கும் அளவு, 100 மெகாபாஸ்கலுக்கும் கீழே, அதனால் எலும்பு கடிக்கும்போதோ மீன் முள்ளைக் கடைவாயால் நசுக்கும்போதோ ஓரத்தில் சில்லாக உதிர்ந்து உலோகம் வெளியே தெரியும். உலோகத்துக்கும் போர்சலினுக்கும் சேர்த்து இடம் வேண்டும் என்பதால் பல்லை மேலே கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர் வரை ராவ வேண்டும். சில வருடங்களில் முரசு கொஞ்சம் இறங்கினால் விளிம்பில் சாம்பல் நிறக் கோடு தெரியும், முன்பல்லில் அதைத்தான் ஆட்கள் தாங்க மாட்டார்கள். விலை குறைந்த உலோகக் கலவைகளில் நிக்கல் இருப்பது வழக்கம், ஆகவே கவரிங் நகை போட்டால் தோலில் சொறி வருபவர்கள் இதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இத்தனையும் சொன்னாலும் பிஎஃப்எம்மை நான் ஒதுக்கவில்லை. பணம் கையில் இறுக்கமாக இருந்து, பல்லும் பின்னால் இருந்து, நல்ல கைத்திறன் உள்ள தொழில்நுட்பவியலாளர் கிடைத்தால், அது இன்றைக்கும் மரியாதையான தெரிவு.

இப்போது சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஒக்சைட்டால் ஆன வெள்ளைச் செரமிக். இதில்தான் கணினி வடிவமைப்பும் வெட்டும் மெஷினும் உண்மையில் எல்லாவற்றையும் மாற்றின, ஏனென்றால் சிர்கோனியாவைப் பழைய முறையில் உருக்கி ஊற்றவோ தூரிகையால் பூசிக் கட்டவோ முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். வட்டாக வரும், 98 மில்லிமீற்றர் விட்டம். முழுதாகச் சுடாத நிலையில் வெண்கட்டி மாதிரி இருக்கும், நகத்தால் கீறினால் தடம் விழும். ஒவ்வொரு வட்டின் விளிம்பிலும் ஒரு சுருங்கல் எண் அச்சிட்டிருக்கும், 1.25க்குக் கிட்ட ஏதோ ஓர் எண். அதை மென்பொருளில் சரியாகப் போட்டால் கிரவுண் அந்த அளவுக்குப் பெரிதாக வெட்டப்படும். வெட்டி எடுத்த கிரவுணைப் பல்லின் மாதிரிக்கு மேல் வைத்தால் லொடலொடவென்று ஆடும். பிறகு உலையில் 1500 பாகை செல்சியசுக்கு அண்மையில் பல மணித்தியாலம் சுட்டு, மெல்ல ஆறவிட்டு எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, அதே மாதிரியில் சத்தமில்லாமல் போய் உட்காரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத ஒன்று அது. எண்ணைத் தவறாகப் போட்டால் எந்த வைத்தியராலும் அந்தக் கிரவுணைச் சரிப்படுத்த முடியாது.

இடையில் ஒரு சின்னச் செய்தி. சிர்கோனியம் என்ற மூலகத்தை 1789 இல் ஜேர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் கண்டுபிடித்தது இலங்கையில் இருந்து போன சிர்கோன் கல்லை ஆராய்ந்துதான். புல்மோட்டைக் கடற்கரையில் அள்ளும் கனிய மணலிலும் சிர்கோன் இருக்கிறது. ஆனால் பல்லுக்கான வட்டுகளை நாம் வெளிநாட்டில் இருந்துதான் வாங்குகிறோம், டொலர் ஏறினால் கிரவுணும் ஏறுகிறது.

பின்பல்லுக்குப் போடும் சாதாரணச் சிர்கோனியாவின் வளைவு வலிமை 1000 மெகாபாஸ்கலைத் தாண்டும். விரிசல் ஒன்று தொடங்கினால் அதன் நுனியில் இருக்கும் பளிங்குகள் உருமாறிச் சற்றே பருத்து விரிசலை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், அந்த வலிமைக்குப் பாதிக் காரணம் இதுதான். வலிமை இருப்பதால் மெல்லியதாக வெட்டலாம், 1 மில்லிமீற்றர் போதும், இறுக்கமான இடத்தில் அதற்கும் குறைவு. அதாவது உங்கள் சொந்தப் பல் கூடுதலாக மிச்சப்படும். "இதாலை புழுக்கொடியல் கடிக்கலாமோ தம்பி?" என்று ஓர் அம்மா கேட்டார். கிரவுண் உடையாது அம்மா, ஆனால் உள்ளே இருப்பது வேர்ச் சிகிச்சை செய்த பல், அதன் வேர் பிளக்கலாம், இடித்துச் சாப்பிடுங்கள் என்றேன். கிரவுண் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு விசையையும் கீழே கடத்திவிடும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

சிர்கோனியா என்ற ஒரே பெயரில் பல வகை உண்டு என்பதையும் பலர் அறிவதில்லை. ஒளி ஊடுருவிப் பார்க்க அழகாக இருக்கும் வகைகளில் இற்றியம் என்ற மூலகத்தின் ஒக்சைட் கூடுதலாகக் கலந்திருக்கும், வலிமை 600, 700 மெகாபாஸ்கல் அளவுக்கு இறங்கும். முன்பல்லுக்கு அது பரவாயில்லை. பல் நறநறவென்று கடிக்கும் பழக்கம் உள்ளவரின் கடைவாய்க்கு அதைப் போட்டுவிட்டு "சிர்கோனியாதானே, உடையாது" என்று சொல்வது சரியில்லை. சிர்கோனியாச் சட்டத்தின் மேல் போர்சலின் பூசிய வகை ஒன்றும் இருக்கிறது. பார்க்க அருமை, ஆனால் அந்தப் பூச்சு பிஎஃப்எம்மில் உதிர்வது போலவே இதிலும் உதிரும். பின்பல்லுக்குப் பூச்சில்லாத முழுச் சிர்கோனியா என்று கேட்டு வாங்குங்கள்.

அதன் உண்மையான பலவீனம் ஒட்டுவதில் இருக்கிறது. கண்ணாடித் தன்மை இல்லாததால் அமிலத்தால் உட்பக்கத்தைச் சொரசொரப்பாக்க முடியாது. அலுமினாத் தூள் வீசி, ஒட்டுப் பிடிக்க அதற்கென்ற பிரைமர் பூசி, எச்சில் படாமல் ஒட்ட வேண்டும். வாயில் வைத்துப் பார்த்த பிறகு உட்பக்கத்தைச் சுத்தம் செய்யாமல் ஒட்டினால் பிடிப்புப் போய்விடும். பல் குட்டையாக இருந்து, ராவிய பிறகு 4 மில்லிமீற்றர் உயரம் கூட மிஞ்சாவிட்டால், உலகத்திலேயே கெட்டியான கிரவுணும் ஒருநாள் சோற்றோடு சோறாகக் கையில் வரும். அப்படியான பல்லுக்கு வலிமை குறைந்த ஈ-மாக்ஸ்தான் நிலைத்து நிற்கும். இதைக் கேட்டால் ஆட்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் கழன்று வரும் கிரவுண்களில் நான் காண்பது இதைத்தான்: உறை முழுசாக இருக்கும், உட்பக்கம் துப்புரவாக இருக்கும், பிடித்துக்கொள்ளக் கீழே பல்தான் இருந்திருக்காது.

இன்னொன்று, சிர்கோனியாவை வாயில் வைத்து உயரம் சரிசெய்ய ராவினால் அந்த இடத்தை மறுபடி பளபளப்பாக்கியே ஆக வேண்டும். நன்றாகப் பொலிஷ் செய்த சிர்கோனியா எதிர்ப்பல்லை அதிகம் தேய்க்காது, சொரசொரப்பாக விட்டால் அரம் போட்ட மாதிரி தின்றுவிடும். ராவியதும் பொலிஷ் செய்தீர்களா என்று கேளுங்கள், தவறாக எடுக்க மாட்டார்கள்.

ஈ-மாக்ஸ் என்று எல்லோரும் சொல்வது லிதியம் டைசிலிக்கேட் என்ற கண்ணாடிச் செரமிக்கின் ஒரு வணிகப் பெயர், 2005 இல் சந்தைக்கு வந்தது. மெஷினில் வெட்டும் கட்டி ஊதா கலந்த நீல நிறத்தில் இருக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள். வெட்டி முடித்து 850 பாகைக்கு அண்மையில் சுட்டதும் பளிங்கு வளர்ந்து பல் நிறத்துக்கு வரும். சுருங்கல் சொற்பம். வலிமை 400, 500 மெகாபாஸ்கல், அதாவது சிர்கோனியாவில் பாதி, ஆனால் அமிலம் பூசி, சைலேன் என்ற இணைப்புத் திரவம் பூசி, ரெசின் பசையால் ஒட்டும்போது பல்லோடு ஒன்றாகிவிடும். ஒளி உள்ளே போய் வருவதால் முன்பல்லில் பக்கத்துப் பல்லோடு பொருந்தி நிற்கும். மேலே 1.5 மில்லிமீற்றர் வரை தடிப்பு வேண்டும், உள்ளே கறுத்த பல்லோ வேருக்குள் இறக்கிய உலோகத் தூணோ இருந்தால் அந்தக் கருமை ஊடாகத் தெரியும், பாலம் செய்வதென்றால் பின்பக்கம் கூடாது. முன்பல்லுக்கும் அதற்கு அடுத்த சிறு கடைவாய்ப்பல்லுக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்.

வேர்ச் சிகிச்சை செய்யாத, உயிருள்ள பல்லுக்குக் கிரவுண் போடுபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பின்னாளில் பல் நொந்து உறைக்குள்ளால் துளைக்க வேண்டி வந்தால் ஈ-மாக்ஸைத் துளைப்பது சுலபம். சிர்கோனியாவைத் துளைப்பதற்குள் வைத்தியருக்கும் உங்களுக்கும் போதும் போதும் என்றாகிவிடும்.

இப்போது அச்சிட்ட ரெசின் கிரவுண்களும் வருகின்றன. முப்பரிமாண அச்சு மெஷினில் செய்வது, உள்ளே செரமிக் தூள் கலந்திருப்பதால் "செரமிக் கிரவுண்" என்றே விற்கிறார்கள். தற்காலிகமாகப் போட அருமையான சாமான். செரமிக் விலை கொடுத்து நிரந்தரம் என்று நம்பிப் போடாதீர்கள், மேற்பரப்பு தேயும், தேநீரும் வெற்றிலையும் கறை பிடிக்கும்.

பொருள் பாதி விஷயம்தான். எந்த வழியாகச் செய்விப்பது என்பதுதான் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குக் கூடுதலாகத் தலையிடி தருவது.

பழைய வழி, வாயில் சிலிக்கோன் அச்சு எடுத்து, பொதி கட்டி, இரவு பஸ்ஸில் கொழும்புக்கு ஏற்றிவிடுவது. 400 கிலோமீற்றர் போய்க் காலையில் ஆய்வுகூடத்தில் பிரித்துப் பார்த்தால், பல்லின் விளிம்பில், அதுவும் கன்னப்பக்க மூலையில், கடுகளவு ஒரு காற்றுக் குமிழி இருக்கும். கிரவுண் முடிய வேண்டிய கோடு அந்தக் குமிழிக்குள் மறைந்துபோயிருக்கும். ஆய்வுகூடம் போன் எடுத்துச் சொன்னால் நோயாளியை மறுபடி கூப்பிட வேண்டும், அவர் நெடுந்தீவில் இருந்து படகேறி வந்தவராகவும் இருப்பார். சொல்லாமல் ஊகித்துச் செய்தால் விளிம்பில் இடைவெளி. பல் ஆராய்ச்சியில் 120 மைக்ரோனைத் தாண்டாத இடைவெளியை ஏற்கலாம் என்று 1971 இல் இருந்து சொல்லி வருகிறார்கள், ஒரு தடித்த தலைமயிரின் அகலம்தான் அது. ஊகத்தில் அந்த அளவைப் பிடிக்க முடியாது. அந்த இடைவெளிக்குள் சாப்பாடு போய், உறைக்குக் கீழே பல் ஓசைப்படாமல் சூத்தையாகும்.

இரண்டாவது வழி, வாய்க்குள் ஸ்கானர் வைத்துப் படம் எடுத்து, பல்லின் முப்பரிமாண வடிவம் இருக்கும் எஸ்டிஎல் ஃபைலாக அனுப்புவது. துல்லியம் என்று எல்லோரும் சொல்லும் காரணத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ராவிய பல் உடனேயே திரையில் பல மடங்கு பெரிதாகத் தெரியும். ஃபைல் கிடைத்த கொஞ்ச நேரத்தில் நான் போன் எடுத்து, "டொக்டர், நாக்குப் பக்கம் விளிம்பு தெரியேல்லை, மேலையும் இடம் காணாது, இன்னும் கொஞ்சம் ராவ வேணும்" என்று சொல்லலாம், நோயாளி கதிரையில் இருந்து எழும்பவே இல்லை, விறைப்பு மருந்தும் இறங்கவில்லை. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் இருக்கும் தூரத்தை இது உண்மையிலேயே அழித்துவிட்டது. சில வைத்தியர்களுக்கு இப்படிச் சொன்னால் பிடிக்காது, ஆனால் இந்தப் போனை எடுக்கும் வைத்தியர்களின் கிரவுண்கள்தான் திரும்பி வருவதே இல்லை.

ஸ்கானருக்கும் எல்லை உண்டு. அது ஒளியால் பார்ப்பது, ஒளி போகாத இடம் அதற்கு இல்லாத இடம். பல் முரசுக்குக் கீழே ஆழமாக உடைந்திருந்தால், இரத்தம் கசிந்தால், நல்ல சிலிக்கோன் அச்சு அந்த இடுக்குக்குள் தள்ளிப் போய் எடுத்து வருவதை ஸ்கானர் எடுக்காது. வைத்தியர் முரசுக்கும் பல்லுக்கும் இடையில் நூல் வைத்து ஒதுக்கி, இரத்தத்தை நிறுத்திய பிறகே ஸ்கான் செய்ய வேண்டும். அப்படியும் தெரியாவிட்டால் அச்சு எடுப்பதில் ஒரு குறையும் இல்லை. அச்சில் வார்த்த மாதிரியை ஆய்வுகூடத்தில் ஸ்கான் செய்து அதன் மேல் டிஜிட்டலாகவே கிரவுண் செய்யலாம். வைத்தியரிடம் ஸ்கானர் இல்லை என்பதற்காக மட்டும் நம்பிக்கையான ஒருவரை விட்டுப் போகாதீர்கள்.

மூன்றாவது, மச்சான் சொன்ன அதே நாள் கிரவுண். ஸ்கானும் வடிவமைப்பும் வெட்டும் மெஷினும் சூளையும் எல்லாம் வைத்தியரின் அறையிலேயே. இது புதுசும் இல்லை, 1985 இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன் என்ற பல் வைத்தியரும் மார்க்கோ பிரண்டெஸ்டினி என்ற பொறியியலாளரும் சேர்ந்து செரெக் என்ற இந்த முறையை நோயாளியின் வாயில் முதன்முதலாகச் செய்து காட்டிவிட்டார்கள். ஒரே அமர்வு, ஒரே ஊசி, தற்காலிக உறை கழன்று விழும் தொல்லை இல்லை. ஈ-மாக்ஸ் போன்ற கட்டிகளுக்கு நன்றாக ஒத்துவரும். ஆனால் ஆய்வுகூடத்தில் நிறம் தீட்ட என்றே ஒருவர் இருப்பார், இங்கே எல்லாவற்றையும் வைத்தியரோ அவருடைய உதவியாளரோ அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் செய்ய வேண்டும். தனித்து நிற்கும் ஒரு கடைவாய்ப்பல்லுக்கு அது போதும். மேல்வாய் நடுப்பல் ஒன்றுக்கு மட்டும் கிரவுண் என்றால் நான் ஒரே நாளில் செய்விக்க மாட்டேன். அந்த ஒற்றைப் பல்லைப் பக்கத்துப் பல்லோடு பொருத்துவதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான வேலை. பகல் வெளிச்சத்தில், ராவுவதற்கு முன், பல் ஈரமாக இருக்கும்போதே நிறம் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், ஏனென்றால் வாயைத் திறந்து வைத்துக் காய்ந்த பல் உள்ளதை விட வெள்ளையாகத் தெரியும்.

இதற்காகச் சென்னைக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். பலாலியில் இருந்து 2019 இல் தொடங்கி, இடையில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. வேறு அலுவலாகப் போகிறவர் சேர்த்துச் செய்துகொண்டு வந்தால் சரி. ஒரு கிரவுணுக்காக மட்டும் போனால், வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் கடி உயரமாகத் தெரியும்போது, கடித்தால் நிறம் ஒட்டும் தாளை வைத்து நீலப் புள்ளி விழும் இடத்தைத் தொட்டு ராவ ஐந்து நிமிடம் போதும், ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு யாரிடம் போவீர்கள்? வேறொருவர் போட்ட கிரவுணில் கை வைக்க உள்ளூர் வைத்தியர் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வந்து, போகிற போக்கில் பல்லையும் செய்துகொண்டு போகிறவர்களுக்கு இதையே திருப்பிச் சொல்கிறேன். வந்த முதல் கிழமையே வைத்தியரைப் பாருங்கள். தேர், தீர்த்தம் எல்லாம் முடிந்து, விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வந்து "ஆறு பல்லுக்கும் போட்டு விடுங்கோ" என்றால், எங்களால் வெட்டித் தர முடியும், ஆனால் கடி பழகி, உயரம் சரிபார்த்து, முரசு ஆறியதைப் பார்த்து அனுப்ப ஒருவருக்கும் நேரம் இருக்காது.

ஆய்வுகூடத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம், மின்சாரம் நின்றால் உலைக்கு என்ன ஏற்பாடு என்று. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாதியில் நின்ற சூட்டில் வந்த சிர்கோனியாவை எறிவதுதான் முறை, மறுபடி சூடாக்கி அனுப்புவது மோசடி.

என் அம்மாவுக்கு என்றால், கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பூச்சில்லாத சிர்கோனியா, உள்ளூர் வைத்தியர், ஸ்கான், நல்ல ஆய்வுகூடம். பல் குட்டை என்றால் ஈ-மாக்ஸ், ஒட்டும் வேலையை நிதானமாகச் செய்யும் வைத்தியர். மூன்று நான்கு பல் நீளப் பாலம், பணமும் மட்டு என்றால் பிஎஃப்எம், ஒரு தயக்கமும் இல்லை. அதே நாள் கிரவுண், வைத்தியர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

போட்ட பிறகு இரண்டு காரியம் செய்யுங்கள். ஒட்டிய அன்றே பல் நூலைப் பக்கத்துப் பல்லுக்கும் கிரவுணுக்கும் இடையில் இறக்கிப் பாருங்கள். மெல்லிய 'டக்' என்ற சத்தத்தோடு இறங்க வேண்டும். தடையே இல்லாமல் போனால் இறைச்சி நார் சிக்கும், போகவே மறுத்தால் இறுக்கம், இரண்டையும் அன்றே சொல்லுங்கள். அடுத்தது, உங்கள் கிரவுணின் எஸ்டிஎல் ஃபைலையும், எந்த நிறுவனத்தின் எந்த வகைக் கட்டியில் வெட்டியது, என்ன நிறம் என்ற விபரத்தையும் வைத்தியரிடம் கேட்டு வாங்கிப் போனில் சேமித்து வையுங்கள். பின்னொரு நாள் கிரவுண் உடைந்தாலோ கழன்று தொலைந்தாலோ, உள்ளே பல் மாறாமல் இருந்தால், அந்த ஃபைலில் இருந்தே இன்னொன்றை வெட்டி எடுக்கலாம். டொராண்டோவில் இருந்தாலும் சரி, கொக்குவிலில் இருந்தாலும் சரி.